பதினொரு கசற்றும் ஒரு பென்டிரைவும்: இளையராஜான்ர பின்னணி இசையை மாத்தக் குடுத்த கதை

முதல்லயே சொல்லிப்போடுறன், கடைக்கு 5க்கு 3½. அந்த அரைப் புள்ளியும் கடைசியாக் குடுத்ததுதான், ஏனெண்டு கீழ வாசிச்சா விளங்கும். கடையின்ர பேர் போடேல்ல, முதல் தரம் தந்த வேலையில எனக்கு சரியான கோவம் வந்தது உண்மை, ஆனா பேரைப் போட்டு அந்தப் பெடியன்ர பிழைப்பில மண் போட விருப்பமில்லை. யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட ஒரு மாடிப்படி, வெளிய போட்டோகொப்பி லமினேற்றிங் எண்டுதான் போட் கிடக்கும், பழைய கசற் வீடியோ எல்லாம் கொம்பியூட்டர் பைலா மாத்திக் குடுக்கிறது உள்ள போய்க் கேட்டாத்தான் தெரியும்.

விசயம் என்னெண்டா எங்கட மாமா, அம்மான்ர தம்பி, 80களில ரவுணில ஒரு ரெக்கோடிங் பாரில வேலை செய்தவர். இப்பத்தைய பெடியள் பார் எண்டோன்ன வேற நினைப்பினம். கொப்பி ஒற்றையில வேண்டிய பாட்டெல்லாம் எழுதி வெறுங் கசற் ஒண்டையும் குடுத்தா ரெண்டு மூண்டு நாளில பதிஞ்சு தருவினம், சிக்ஸ்ரி (அறுபது நிமிசக் கசற்) எண்டா பக்கத்துக்கு ஆறேழு பாட்டு, நைன்ரி எண்டா பத்து. அப்ப வாற லிஸ்டில முக்கால்வாசி இளையராஜா தானாம், 1976ல அன்னக்கிளி வந்தாப்பிறகு பத்துப் பதினொரு வருசத்துக்குள்ள அந்த மனிசன் எத்தினை படத்துக்கு அடிச்சுத் தள்ளினார் எண்டு பாருங்கோ, 1980ல மூடுபனி நூறாவது படம், 1987ல நாயகன் நானூறாவது.

எல்லாரும் பாட்டுக் கேக்க வர மாமாவுக்கு மட்டும் வேற ஒரு விசர். பாட்டு இல்லாத இடத்தில படத்துக்குள்ள ஓடுற இசை இருக்கெல்லோ, அதுதான் வேணும் அவருக்கு. அது கடையில விக்காது. இசைத்தட்டிலயும் கசற்றிலயும் பாட்டுத்தான் வரும், மிஞ்சினா ஒரு தீம் மியூசிக் சேர்ப்பினம், மற்றதெல்லாம் படத்துக்குள்ளேயே கிடந்து படத்தோடேயே முடிஞ்சு போம். அப்ப மாமா என்ன செய்தவர் எண்டா, வேலை முடிஞ்சாப்பிறகு வீடியோ டெக்கில படத்தைப் போட்டு அதில இருந்து வயர் இழுத்து கசற் டெக்கில பிடிச்சவர், பாட்டு வந்தா நிப்பாட்டிப் போட்டு பாட்டு முடியத் திரும்பத் தட்டுறது. அப்பிடிப் பத்துக் கசற். ஒவ்வொண்டிலயும் நீலப் பேனையால "மியூசிக் மட்டும்" எண்டு எழுதிக் கிடக்கு, ஆனா வசனம், மழை, நாய் குலைக்கிற சத்தம் எல்லாம் அதுக்குள்ள இருக்கு, பிரிக்க ஏலாதுதானே. பதினொராவது நான் பதிஞ்சது, அதுக்குப் பேந்து வாறன்.

மாமா 88ல வெளிக்கிட்டிட்டார், இப்ப கனடாவில. கசற் எல்லாம் ஒரு பெரிய பிஸ்கற் ரின்னுக்குள்ள எங்கட வீட்டுப் பரணில. 95 ஒக்ரோபர் 30 இரவு சண்டையால யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து எல்லாரும் வெளிக்கிட்டு ஓடேக்க அதை ஆர் நினைச்சது, அரிசியும் உடுப்பும் சைக்கிளில கட்டவே ஏலாமக் கிடந்தது. 96ல திரும்பி வந்து பாத்தா வீட்டில கதவுமில்லை யன்னலுமில்லை, ரின் மட்டும் வைச்ச இடத்தில அப்பிடியே. கதவு கழட்டினவைக்கு இளையராஜா தேவைப்படேல்லப் போல.

2025 மார்ச் 8, லண்டனில றோயல் பில்ஹார்மொனிக் ஓர்க்கெஸ்ட்ராவோட ராஜான்ர சிம்பொனி நடந்ததெல்லோ. அடுத்த நாள் விடிய மாமா வட்ஸப்பில வொய்ஸ் போட்டிருந்தார், "மருமோன், சனமெல்லாம் இண்டைக்குத்தான் ராஜா சிம்பொனி எழுதினவர் எண்டு சொல்லுது, நான் 86லயே கசற்றில பிடிச்சு வைச்சனான், அந்த ரின் கிடக்கோ பார்." கிடந்தது. அதை மாத்துற வேலையை நான் ஒரு வருசமா இழுத்தடிச்சுத்தான் கொண்டுபோய்க் குடுத்தனான், அது என்ர பிழை.

சரி கடைக்கு வருவம். பெடியனுக்கு இருபத்தஞ்சு வயசு வராது, கசற் காலத்தில பிறக்கேல்ல, ஆனா கை பழகின கை. எனக்கு முன்னாலேயே டெக்கின்ர ஹெட்டை ஸ்பிரிற்றும் பஞ்சும் வைச்சுத் துடைச்சான், ரெண்டு கசற்றில உள்ளுக்குள்ள இருக்கிற சின்னக் கம்பளித்துணி (ஃபெல்ற்) துண்டு, அந்த நாடாவை ஹெட்டோட அழுத்திப் பிடிக்கிறது, கழண்டு விழுந்து கிடந்தது, வேற பழைய கசற்றில இருந்து எடுத்து ஒட்டினான். ஒவ்வொரு கசற்றுக்கும் ஹெட்டுக்குப் பக்கத்தில இருக்கிற ஸ்குறூவை மெல்லமாத் திருப்பித் திருப்பி, சத்தம் எங்க தெளியுதெண்டு காதால பிடிச்சான். இது தெரியாத கடையளில குடுத்தா போர்வைக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரித்தான் வரும், கவனம். ஒரு கசற்றுக்கு 600 ரூபா, பென்டிரைவ் நாங்கள் குடுக்கோணும், நாலு நாளில எண்டு சொன்னவன், மூண்டு கிழமை ஆச்சு. பரவாயில்லை, எங்கட ஊரில நாலு நாள் எண்டா அவ்வளவுதான்.

வீட்ட வந்து பென்டிரைவைக் குத்தி, ஹெட்போன் மாட்டி, முதல்ல மௌனராகம் போட்டன். தில்லி வீட்டில ரேவதியும் மோகனும் ஒரே கூரைக்குக் கீழ இருந்துகொண்டு கதைக்காம இருக்கிற கட்டங்கள். எனக்கு உடன விளங்கீட்டுது ஏதோ பிழையெண்டு. வயலின் ஒண்டு முடியேக்க அது டக்கெண்டு முடியிறதில்லை, மெல்லமாத் தேஞ்சு அறைக்குள்ள கரையும், அந்தக் கரைச்சலுக்குப் பிறகு ஒரு வெறுமை, அதுக்குள்ள கோப்பை வைக்கிற சத்தமோ கதவுச் சத்தமோ வரும், பேந்துதான் அடுத்தது தொடங்கும். இதில வயலின் முடிஞ்சோன்ன கத்தரிக்கோலால வெட்டின மாதிரி ஒண்டுமில்லை. சும்மா ஒண்டுமில்லை இல்லை, செத்த ஒண்டுமில்லை. மேல் ஸ்தாயி எல்லாம் தண்ணிக்குள்ள நிண்டு கேக்கிற மாதிரி.

அடுத்த நாளே போனன். "தம்பி என்ன செய்து வைச்சிருக்கிறீர்" எண்டு கேக்க, "அண்ணை இரைச்சல் முழுக்க எடுத்து கிளீனாத் தந்திருக்கிறன், எம்பி3யா வேற சுருக்கினனான், எல்லாரும் அப்பிடித்தான் கேக்கிறவை" எண்டான் பெருமையா. பிழை அவனில மட்டுமில்லை, கலியாண வீட்டுக் கசற்றும் பாட்டுக் கசற்றும் மாத்திறவைக்கு அது காணும். பாட்டு எண்டா இடைவெளி இல்லாம நிரம்பித்தானே இருக்கும். ஆனா ராஜான்ர பின்னணி இசையில பாதி அவர் வாசிக்காம விட்ட இடத்திலதான் கிடக்கு, கொம்பியூட்டர் அதை குப்பை எண்டு நினைச்சுக் கூட்டித் தள்ளிப்போட்டுது.

அவனுக்கு விளங்கப்படுத்த நான் எடுத்தது முள்ளும் மலரும். 1978, மகேந்திரன்ர முதல் படம், கமெரா எங்கட மட்டக்களப்பு அமிர்தகழியில பிறந்த பாலுமகேந்திரா. கடைசியில வள்ளி தன்ர கலியாணத்துக்குப் போற கூட்டத்தை விட்டிட்டு அண்ணனிட்ட திரும்பி ஓடி வாறாள், ஆர் எண்டாலும் அதில முதல் செக்கனில இருந்தே ஐம்பது வயலினை அவிட்டு விட்டிருப்பினம். ராஜா எங்க தொடங்கிறார், எங்க விட்டுக் குடுக்கிறார், ரஜினி முகத்துக்கு எவ்வளவு நேரம் விடுறார் எண்டு காதை மட்டும் வைச்சுக் கேளும் எண்டன். பெடியன் அந்தப் படமே பாக்கேல்லயாம். ஹெட்போனைப் போட்டுக் கேட்டான், கழட்டினான், ஒண்டும் சொல்லேல்ல, "அண்ணை கசற்றை விட்டிட்டுப் போங்கோ, இன்னொருக்கா பச்சையாவே எடுத்துத் தாறன், காசு வேண்டாம்" எண்டான். இதுக்கு ஒரு புள்ளி.

ராஜான்ர இந்தப் பின்னணி வேலை எப்பிடி நடந்ததெண்டு யோசிச்சா எனக்கு இப்பவும் புதினம்தான். பின்னணி இசை சேராத படத்தை ரீல் ரீலாப் போட்டுப் பாப்பார், பாத்த கையோட உக்காந்து ஆர் ஆருக்கு என்ன வாசிக்கிறதெண்டு நொட்டேசன் எழுதிக் குடுப்பார், ஆர்மோனியத்தில தட்டிப் பாக்கிற கதை கூட இல்லை. வாசிக்கிறவையும் லேசுப்பட்ட ஆக்களில்லை, கிற்றார் சதானந்தம், கீபோட் விஜி மானுவல், ட்ரம்ஸ் புருசோத்தமன், புல்லாங்குழல் நெப்போலியன், அவர்தான் அருண்மொழி எண்ட பேரில பாட்டும் பாடினவர். எல்லாரும் ஒண்டா இருந்து நேரடியா வாசிச்சுப் பதியிறது, ஒருத்தர் பிழைச்சா முதல்ல இருந்து. முதல் மரியாதையில (1985) மலைச்சாமிக்கும் குயிலுக்கும் நடுவில அந்தக் குழல் படுற பாட்டைக் கேட்டா, சிவாஜி வாயால சொல்லாததெல்லாம் மூங்கில் சொல்லும். அடுத்த வருசமே புன்னகை மன்னனுக்கு கொம்பியூட்டரைக் கொண்டுவந்து வைச்சவர், குழலையும் கொம்பியூட்டரையும் ஒரே ஆள் பக்கத்துப் பக்கத்தில வைச்சுக் கையாளுறது எண்டா பாருங்கோ.

நாயகன் கசற் மாமான்ர கடைசி. அதில தென்பாண்டிச் சீமையிலே மெட்டு எத்தினை தரம் எத்தினை உடுப்பில வருதெண்டு எண்ணிப் பாக்க வெளிக்கிட்டு நான் பாதியில விட்டிட்டன், எண்ண வெளிக்கிட்டா கேக்க ஏலாது, கேட்டா எண்ண ஏலாது. சின்னப் பெடியனா பம்பாய்க்கு வந்து இறங்கினதுக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான், ஒரே துண்டு, ஆனா ஒவ்வொருக்காவும் கனம் கூடிக்கொண்டு போம். உதிரிப்பூக்கள் (1979) கடைசி, ஆத்தங்கரையில ரெண்டு பிள்ளையள், அதை நான் இரவில கேக்கிறதில்லை எண்டு முடிவெடுத்திட்டன்.

எல்லாம் முத்து எண்டு சொல்ல வரேல்ல. ஆயிரம் படத்துக்கு மேல செய்தவர், ஆயிரமாவது 2016ல வந்த தாரை தப்பட்டை, அவ்வளவில வைக்கலும் இருக்கும்தானே. 90களில கொஞ்சப் படத்துக்கு சண்டை வந்தா ஒரு இரைச்சல், பகிடி வந்தா ஒரு டொய்ங் எண்டு, ஏனோதானோ எண்டு அடிச்சது தெரியும். கீபோட் கூடின கடைசிக்காலப் படங்கள் சிலதில அந்த வயலின் கூட்டத்தைத் தேடி அலையிறன் நான். பிறகு திடீரெண்டு ஹேராம் (2000) மாதிரி ஒண்டு, அதுக்கு முதல்ல வேற ஒருத்தர் செய்த பாட்டுக்குப் படமே எடுத்து முடிச்சாச்சு, அந்த வாயசைவுக்கே புதுசா மெட்டுப் போட்டு, புடாபெஸ்ட் ஓர்க்கெஸ்ட்ராவை வைச்சுப் பின்னணியும் பதிஞ்சு, இது என்ன மனிசன் எண்டு நினைக்க வைக்கும். ஓநாயும் ஆட்டுக்குட்டியும் (2013) பாட்டே இல்லாத படம், அப்பவாவது பின்னணியைத் தனியாக் கேக்க விட்டினம். பின்னணி இசைக்கெண்டு தேசிய விருது ரெண்டு, பழசிராஜாவுக்கும் தாரை தப்பட்டைக்கும், அதுவும் தலை நரைச்சாப்பிறகு.

இனி பதினொராவது கசற். 1991 தீபாவளிக்கு வந்த தளபதி எங்கட ஊருக்கு 92லதான் வந்தது. 90க்குப் பிறகு சண்டையால இஞ்ச கரண்ட் இல்லை எண்டு தெரியும்தானே, அரசாங்கம் பற்றரியும் வர விடேல்ல, சைக்கிளைக் கவிட்டு வைச்சு பெடலைக் கையால சுத்தி டைனமோவில றேடியோ கேட்ட காலம். படம் போடுறதெண்டா ரிவியும் டெக்கும் வாடைக்கு எடுத்து, ஹொண்டா ஜெனறேற்றர் ஒண்டை கொஞ்சப் பெற்றோலில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஓட விடுவினம், ஊரே பாயோட வரும். எனக்கு 14 வயசு, மாமான்ர செற்றுக்கு நானும் ஒண்டு சேக்கோணும் எண்டு ஒரே ஆசை. வெயிலில காயவைச்சுக் காயவைச்சுப் பாவிச்ச நாலு பற்றரியைப் போட்ட கசற் செற்றைத் தூக்கிக்கொண்டு போய், ஸ்பீக்கருக்குக் கிட்ட வைக்க வேற இடமில்லாம ரிவிக்குப் பின்னுக்குப் போய்க் குந்தினனான்.

அதால தளபதியை நான் அண்டைக்குப் பாக்கேல்ல. பாத்தது சனத்தின்ர முகத்தைத்தான். படம் முழுக்க பெட்டியின்ர முதுகும், அதுக்கு அங்கால நீல வெளிச்சத்தில நூறு முகமும். கோயிலில தாயும் மகனும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாம நிக்கேக்க தூரத்தில ரயில் கூவுற இடம், சின்னத்தாயவள் மெட்டு எழும்ப, முன்வரிசையில இருந்த ஆச்சிமார் எல்லாம் ஒரேயடியா சீலைத்தலைப்பை எடுத்தினம். ஆரும் ஒண்டும் கதைக்கேல்ல. என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியாது, ஆனா இசைதான் அவையின்ர கையைத் தூக்கினதெண்டு பின்னால இருந்து பாத்த எனக்குத் தெரிஞ்சது. படத்தைக் கண்ணால பாத்தது ஐஞ்சு வருசம் கழிச்சு, உண்மையைச் சொன்னா அவ்வளவு பிடிக்கேல்ல, சந்தோஷ் சிவன் என்னதான் வெளிச்சம் போட்டிருந்தாலும் எனக்கு அந்தக் காட்சி எண்டா இப்பவும் ஆச்சிமாரின்ர முகம்தான்.

கசற்றில என்ன பிரச்சினை எண்டா, பற்றரி சாகச் சாக செற் மெதுவாச் சுத்தும், மெதுவாச் சுத்திப் பதிஞ்சதை ஒழுங்கான டெக்கில போட்டா வேகமா ஓடும். முதல் பக்கம் பரவாயில்லை, ரெண்டாம் பக்கம் போகப் போக ஸ்ரீவித்யா பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரிக் கதைக்கிறா, ரஜினி கீச்சிடுறார், வயலின் எல்லாம் நுளம்பு. முப்பது வருசத்துக்கு மேல இதைக் கேட்டுச் சிரிச்சிட்டு எடுத்து வைச்சதுதான். இது திருந்தாது எண்டுதான் குடுத்தனான்.

ரெண்டாம் தரம் எடுக்கப் போகேக்க பெடியன் கதிரையை இழுத்துப் போட்டு இருத்தினான், பிளேன்ரீ வேற எடுப்பிச்சான். "அண்ணை இதில பின்னுக்கு ஏதோ ஒண்டு ஊம் எண்டு இரையுது, என்னது அது?" ஜெனறேற்றர் எண்டன். "அப்பிடித்தான் நினைச்சன், அந்த இரைச்சலும் மேல மேல போகுது. ஜெனறேற்றர் கிட்டத்தட்ட ஒரே சீராத்தானே ஓடியிருக்கும், அப்ப அதைப் பிடிச்சு நேராக்கினா மற்றதெல்லாம் நேராகும்தானே?" ரெண்டு இரவு இருந்து துண்டு துண்டா அந்த இரைச்சலை அளந்து வேகத்தைக் குறைச்சிருக்கிறான். போட்டுக் காட்டினான். கோயில். ரயில். ஸ்ரீவித்யா ஸ்ரீவித்யாவாக் கதைச்சா. முதல் தரம் குப்பை எண்டு கூட்டித் தள்ளின அதே இரைச்சல் மட்டும் இல்லாட்டி இந்தக் கசற் திருந்தியே இராது எண்டு நான் சொல்லேல்ல, அவனே சொல்லிச் சிரிச்சான். "பேந்து இரைச்சலை எடுக்கட்டோ?" எண்டு கேட்டான், "தொட்டீர் எண்டால் தெரியும்" எண்டன். அந்த அரைப் புள்ளி இதுக்குத்தான்.

குடுக்கப் போற ஆக்களுக்கு நாலு விசயம் சொல்லி விடுறன். இரைச்சல் எடுக்க வேண்டாம் எண்டு முதலே சொல்லுங்கோ, எம்பி3 வேண்டாம் சுருக்காத வேவ் பைலாத் தரச் சொல்லுங்கோ, இடம் கூடப் பிடிக்கும், 32 ஜிபி பென்டிரைவ் ஒண்டு கொண்டு போங்கோ. நைன்ரி கசற் எண்டா நாடா மெல்லிசு, வீட்டில போட்டுப் பாக்கிறன் எண்டு அறுத்துப் போடாம அப்பிடியே குடுங்கோ. கடையில வாங்கின ஒறிஜினல் கசற் எண்டா மாத்தக் குடுத்துக் காசைக் கரியாக்க வேண்டாம், மாமான்ர ரின்னுக்குள்ள 86ல வந்த ஹவ் டு நேம் இட், ராஜா படத்துக்கில்லாமத் தனியாச் செய்த இசைக் கசற், ஒண்டும் கிடந்தது, அதைப் பெடியனே திருப்பித் தந்திட்டான், அது எங்கயும் எடுக்கலாம் அண்ணை எண்டு. (பாலுமகேந்திரா வீடு படத்துக்கு அதையே எடுத்துப் பின்னணியாப் போட்டவர், அதைச் சொன்னோன்ன பெடியன் வீடு படத்தையும் எழுதி வைச்சிட்டான்.) கழிவறைப் பக்கம் போயிடாதேங்கோ, அதைப் பற்றி எழுதினா இருக்கிற புள்ளியும் குறையும்.

மாமாவுக்கு பைல் எல்லாம் அனுப்பினன். ரெண்டு நாளா ஒரு சத்தமுமில்லை, நீல ரிக் மட்டும் விழுந்து கிடக்கு. மூண்டாம் நாள் கோல் எடுத்தார். நாயகனைப் பற்றியோ மௌனராகத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. 2024 தையில ராஜா கொழும்பில நிகழ்ச்சிக்கெண்டு வந்து நிக்கேக்க மகள் பவதாரிணி இஞ்சயே செத்துப்போனதைப் பற்றிக் கன நேரம் கதைச்சார், "ஊருக்கெல்லாம் அழுகைக்கு மியூசிக் போட்ட மனிசனடா, அண்டைக்கு அவருக்கு ஆர் போட்டது" எண்டு ஒருக்காக் கேட்டிட்டு, பிறகு "தளபதி ஆர் பதிஞ்சது, நீயோ? ஜெனறேற்றர் எங்கட சந்திக்கடைக்காரன்ரதோ?" எண்டார். ஓம் மாமா எண்டன். "அவனுக்கு அப்பவே சொன்னனான், சைலன்சரை மாத்து எண்டு."

ஏழாவது கசற் இன்னும் கடையிலதான் கிடக்கு. நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சணம், ஓட விட்டா ஹெட்டில ஒட்டுது, இஞ்ச் இஞ்சாத் துடைக்கோணுமாம், வாற கிழமை வரச் சொன்னவன். மேல ஜானி எண்டு எழுதிக் கிடக்கு.